கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள கண்ணு,

முதல் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, ஒரே விலை பேசி ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனையாக இருக்கிறது. போன வருஷம் லண்டன் கிரீனிச்சில் நீ கூட்டிப்போய்க் காட்டினாயே, கட்டி சார்க் கப்பல், அதைக் கட்டியவர்களைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் ஊரில், லெவன் ஆற்றங்கரையில் இருந்த சின்னப் பட்டறை அது. ஸ்காட் அண்ட் லின்டன் என்று பெயர். 1868-இல்தான் தொடங்கினார்கள். கப்பலை வடிவமைத்த ஹெர்குலிஸ் லின்டனுக்கு அப்போது 31 வயது. சீனாவிலிருந்து தேயிலை ஏற்றிவர வேகமான பாய்மரக் கப்பல் வேண்டும் என்று லண்டன் முதலாளி ஜான் வில்லிஸ் வந்தார். கப்பலின் ஒரு டன் அளவுக்கு 17 பவுண்டு, என்ன ஆனாலும் 16,150 பவுண்டுக்கு மேல் கிடையாது என்று 1869 பிப்ரவரியில் ஒப்பந்தம். இவ்வளவு பெரிய பெயர் தேடி வந்தால் எந்தச் சின்னப் பட்டறைதான் வேண்டாம் என்று சொல்லும்?

வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப் பலகை, மேல்பகுதிக்குத் தேக்கு. கேப்டனாகப் போகிறவரே பட்டறையில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார். ஆனால் கப்பல் முடிவதற்குள் கையில் இருந்த காசு முடிந்துவிட்டது. பட்டறை நொடித்தது. மிச்ச வேலையை அதே ஊரின் டென்னி கம்பெனி முடித்துக் கொடுத்தது. 1869 நவம்பர் 22 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதற்கு ஐந்தே நாள் முன்பு சூயஸ் கால்வாய் திறந்திருந்தது. அந்தக் குறுக்கு வழி பாய்மரத்துக்குத் தோதில்லை, தேயிலை மெல்ல நீராவிக் கப்பல்களுக்குப் போய்விட்டது.

லின்டன் அப்புறம் மற்றவர்களின் பட்டறைகளில் வேலை பார்த்தார். 1900-இல் இறந்தார். 150 வருஷம் தாண்டியும் அவர் கப்பல் நிற்கிறது. அதன் அடியில் நின்று அந்த வளைவை அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்ததே, நீ ஏன் என்று கேட்டாய். நம் லேத் பட்டறை ஞாபகம் வந்தது, கண்ணு. பம்ப் பாகங்களுக்கு ஒரே விலை பேசினேன். இரும்பு விலை ஏறியது, ஏற்றிக் கேட்க வழியில்லை. நான் செய்த உருப்படிகளில் ஒன்றுகூட திரும்பி வரவில்லை. ஆனாலும் பட்டறையை மூடினேன்.

ஆர்டரை விடச் சொல்லவில்லை. பொருள் விலை ஏறினால் என்ன, இடையில் வேலையை மாற்றச் சொன்னால் யார் கணக்கு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் வரும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கு. ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் உட்கார்ந்து படித்துவிட்டுப் போன் செய்கிறேன்.

அப்பா