மலையில்லாத ஊரிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊரவர்களுக்கு,

வணக்கம். மூன்று கிழமைக்கு முன்னர் ஐக்கிய அரபு இராச்சியத்தில், ஹத்தா மலையில் நடந்த டவுன்ஹில் சைக்கிள் போட்டியில் ஓடி முடித்தேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. சந்தியில் கண்ட எல்லாரும் "எப்பிடிப் போச்சு?" என்று கேட்கிறீர்கள். நின்று சொல்லத் தொடங்கினால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதனால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இதில் யாருடைய பெயரும் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று படிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

டவுன்ஹில் என்பது மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை, குறித்துவிட்ட ஒரு பாதையில் சைக்கிளில் இறங்குவது. எல்லாரையும் ஒன்றாக விடமாட்டார்கள். ஒருவர் போய்ச் சிறிது நேரம் கழித்துத்தான் அடுத்தவர். பக்கத்தில் ஓடுபவனோடு போட்டி இல்லை, மணிக்கூட்டோடுதான். முன் சில்லைத் தாங்கும் கவட்டிலும் சட்டத்தின் நடுவிலும் அமுங்கி எழும் ஸ்பிரிங் இருக்கும். இந்த வகைச் சைக்கிளில் அது 20 சென்ரிமீற்றர் அளவுக்கு அமுங்கும். முகம் முழுக்க மூடிய ஹெல்மெற் கட்டாயம். முழங்கால், முழங்கைக் கவசமும் போடுவோம்.

பாலைவனம் என்றதும் எல்லாரும் மணலைத்தான் நினைக்கிறீர்கள். ஹத்தா கல்லுப் பாலைவனம். டுபாயிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும், ஓமான் எல்லைக்குக் கிட்ட. ஹஜர் மலைத்தொடர் என்று பெயர். ஹஜர் என்றால் அரபியில் கல். மரம் தேடித்தான் பார்க்க வேண்டும். கறுப்பும் மண்ணிறமுமாக உடைந்த பாறை, அதன்மேல் பொடிக்கல், இரண்டு பக்கமும் பள்ளம். பொடிக்கல்லில் பிறேக் பிடித்தால் போளையில் கால் வைத்ததுபோல வழுக்கும்.

நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சியில். மலை என்று ஒன்றும் இல்லை. பாலம் ஏறி இறங்குவதுதான் எங்களுக்கு ஏற்றமும் இறக்கமும். சார்ஜாவில் ஏசி திருத்தும் வேலைக்குப் போன இடத்தில், அறைத்தோழனான நேபாளப் பெடியன் ஒருவன் என்னை ஒரு வெள்ளிக்கிழமை ஹத்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அன்று பிடித்த பைத்தியம். பழைய டவுன்ஹில் சைக்கிள் ஒன்றைத் தவணைக்கு வாங்கினேன். ஒப்பந்தம் முடிந்து போன வருடம் ஊருக்கு வந்து எட்டு மாதம் நின்றபோது அதையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

இனித்தான் நன்றி. முதல் நன்றி சந்தி சைக்கிள் கடை அண்ணைக்கு.

அண்ணை, பெட்டியைத் திறந்து சைக்கிளை வெளியே எடுத்த அன்று நீங்கள் ஐந்து நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். பிறகு "கழட்டிப் பாக்கலாமோ தம்பி?" என்று கேட்டீர்கள். நாற்பது வருடம் சைக்கிள் திருத்துகிற மனுசன் என்னிடம் அனுமதி கேட்டதை நான் மறக்கமாட்டேன். சாக்கு ஒன்றை விரித்து, கழற்றிய ஒவ்வொரு நட்டையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தீர்கள். பூட்டும்போது ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை. சில்லுக் கோட்டம் எடுக்கும்போது கம்பிகளை நகத்தால் தட்டித் தட்டிக் கேட்பீர்கள். ஒரு கம்பியின் சத்தம் கொஞ்சம் மந்தமாகக் கேட்டால் அந்தக் கம்பியைக் கால் சுற்றுத் திருக வேண்டும். அதை எனக்கும் பழக்கினீர்கள். முதல் கிழமை எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. மூன்றாம் மாதம் வித்தியாசம் பிடிபட்டது. போட்டிக்கு முதல்நாள் இரவு, கூடார வெளிச்சத்தில் பின் சில்லைத் தட்டிப் பார்த்தபோது இரண்டு கம்பி தளர்ந்திருப்பதைக் காதுதான் சொன்னது.

மலைச் சைக்கிள் ஓட்டம் தொடங்கிய கதையையும் ஒருநாள் அண்ணைக்குச் சொன்னேன். 1976இல் கலிபோர்னியாவில் சில பெடியள் பழைய பாரச் சைக்கிள்களை மலைக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பிறேக். அடிவாரம் வரும்போது பின் சில்லின் நடுவிலுள்ள கிறீஸ் சூட்டில் எரிந்து புகைந்துபோய்விடும். ஒவ்வொரு முறையும் கழற்றிப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் போட்டிக்கே 'ரீபாக்' என்று பெயர், திரும்ப அடைப்பது என்று பொருள். "அப்ப அங்கயும் ஆரோ ஒருத்தன் கையெல்லாம் கிறீஸோட இருந்திருக்கிறான்" என்று அண்ணை அன்றைக்கு முழுவதும் சந்தோசமாக இருந்தார்.

போகும்போது நீங்கள் என் பையில் வைத்துவிட்ட அந்தப் பொதியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பொலித்தீன் பையில் சுற்றிய பழைய ரயர்த் துண்டுகள் நாலு, ஓரங்களைப் பிளேட்டால் சீவி மெல்லிசாக்கியவை. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது புது ரயருக்கு எங்கே போவது, வெடித்த ரயருக்குள் இப்படித் துண்டு வைத்துத்தான் ஊரே ஓடியது என்று சொன்னீர்கள். அம்மாவும் சொல்லுவா, அந்தக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டதென்று. வைத்துக்கொள், பாரமில்லைத்தானே என்றீர்கள். நான் உங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் வாங்கினேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

போட்டிக்கு முதல்நாள் பயிற்சி ஓட்டத்தில், பாதையின் நடுப்பகுதியில், கத்திபோல நின்ற ஒரு கல் என் பின் ரயரின் பக்கத்தைக் கிழித்துவிட்டது. இந்த ரயருக்குள் ரியூப் இல்லை. பால்போல ஒரு திரவம் ஊற்றியிருக்கும், சின்ன ஓட்டையை அதுவே அடைக்கும். இது சின்ன ஓட்டை இல்லை. கட்டை விரல் நீளம். வெள்ளைத் திரவம் சீறி என் காலெல்லாம் அடித்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். புது ரயர் வாங்க என்னிடம் காசும் இல்லை, அந்த நேரம் கடையும் இல்லை. நேபாளத் தம்பி ரியூப் ஒன்று தந்தான். ஆனால் கிழிவு வழியாக ரியூப் பிதுங்கும். அப்போதுதான் அந்தப் பொதி நினைவு வந்தது. உள்ளே துடைத்து, அண்ணை சீவித்தந்த துண்டில் ஒன்றைக் கிழிவின்மேல் வைத்து, வெளியே மீன்பிடி நூலால் ஏழு தையல் போட்டேன். ரியூப்பைப் போட்டுக் காற்றடித்தேன். பிதுங்கவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் நின்ற ஒரு பெரிய மெக்கானிக் குனிந்து பார்த்து, எங்கே பழகினாய் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன்.

மீன்பிடி நூல் தந்தது மணற்காட்டுப் பெடியள். அவர்களுக்கு அடுத்த நன்றி.

எட்டு மாதமும் விடியப்புறம் நான் பழகியது உங்கள் மணல் மேடுகளில்தான். மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயில் சுவர்களுக்கு அந்தப் பக்கம், கடல் தெரிகிற சரிவு. சவுக்கு நட்ட பக்கம் போக வேண்டாம், மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்த மரங்கள்தான் என்று முதல்நாளே சொல்லித்தந்தீர்கள். ஒரு முறை இறங்க அரை நிமிடம். அந்தப் பாரச் சைக்கிளைத் திரும்ப மேலே ஏற்ற கால் மணித்தியாலம். நான் தனியே இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஓடிவந்து பின்னால் தள்ளத் தொடங்கியவர்கள், அதற்குப் பிறகு ஒருநாளும் என்னைத் தனியே ஏற விடவில்லை. பள்ளிக்கூடம் போக முதல் பத்துத் தரம், பன்னிரண்டு தரம். வலையோடு வேலையாயிருந்த உங்கள் அப்பாமாரில் ஒருவர் சொன்ன புத்தியை இப்போதும் வைத்திருக்கிறேன்: "சில்லைப் பாக்காதை தம்பி, போற இடத்தைப் பார்." பிறகு வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் சொல்வதும் அதேதான். பார்வை எங்கே போகிறதோ சைக்கிளும் அங்கேதான் போகும்.

மணல் சமநிலையைப் பழக்கியது. பிறேக்கைப் பழக்க உண்மையான மலை வேண்டியிருந்தது. அதற்கு அப்புத்தளைக் குடும்பம். கூட வேலை செய்த நண்பனின் வீடு. அவன் சார்ஜாவில், நான் மட்டும் பெட்டியோடு அவன் லயத்து வாசலில் போய் நின்றேன். பத்து நாள் வைத்துச் சோறு போட்டார்கள். லிப்ரன் சீற் என்ற மலையுச்சிப் பார்வையிடத்திலிருந்து தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை ஏழு கிலோமீற்றர் இறக்கம். தோட்டத்து லொறி ஓட்டிய அந்த ஐயா, முதல்நாள் என் பிறேக் வட்டு சூடேறியதைத் தொட்டுப் பார்க்காமலே மணத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டார். இழுத்துப் பிடித்தபடியே வராதே, வளைவுக்கு முன்னம் பிடி, வளைவுக்குள் விடு என்றார். நண்பனின் அம்மாவின் ரொட்டியும் சம்பலும் இப்போதும் நாக்கில் நிற்கிறது.

என் புவியியல் ரீச்சருக்கும் சொல்ல வேண்டும். பாதையின் கற்களைப் படமெடுத்து அனுப்பியபோது, அது பழைய கடலடித்தளம், பூமியின் தட்டுகள் நெருக்கியதில் தரைக்கு மேல் வந்தது என்று குரல்பதிவு அனுப்பினீர்கள். நாங்கள் நிற்கிற சுண்ணாம்புக்கல்லும் கடல் தந்ததுதானே தம்பி, பயப்படாதே என்று முடித்தீர்கள். உச்சியில் என் முறைக்காகக் காத்து நின்றபோது அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டேன்.

பணம் தருவதாகச் சொன்ன ஒருவர் கடைசி மாதத்தில் கையை விரித்தபோது, அக்கா தன் சீட்டுக் காசை அப்படியே அனுப்பினா. தன் பிள்ளைக்குத் தோடு வாங்க வைத்திருந்த காசு. அக்கா, அதை நான் திருப்பித் தருவேன். ஆனால் அதற்கான நன்றியைத் திருப்பித் தந்து முடிக்க முடியாது. என் மணிக்கட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த உடற்பயிற்சி வைத்தியருக்கும், வல்லிபுர ஆழ்வாருக்கு நேர்ந்துவிட்டு விடியும்வரை நித்திரை கொள்ளாத அம்மாவுக்கும், இரவு வேலையை எனக்காக மாற்றிச் செய்த மலையாளச் சேட்டனுக்கும் நன்றி.

சரி, போட்டி. ஐந்து முறை 'பீப்' அடித்தது, விட்டார்கள். முதல் வளைவு வரை ஒன்றும் கேட்கவில்லை, என் மூச்சு மட்டும். குதிக்காலைத் தாழ்த்தி, இடுப்பைப் பின்னுக்கு எடுத்து, ஒற்றை விரலால் பிறேக். ரயரைக் கிழித்த கல் வந்தபோது அதைப் பார்க்கவில்லை. அதற்கு அப்பால் இருந்த மண் திட்டைப் பார்த்தேன். சைக்கிள் அங்கே போய்ச் சேர்ந்தது. அடிவாரத்தில் நேரம் 5 நிமிடம் 6 செக்கன். 38 பேரில் 17ஆவது. பதக்கம் இல்லை. எனக்கு அது பெரிய இடம், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கீழே இறங்கியதும் முதலில் குனிந்து பார்த்தது பின் ரயரைத்தான். ஏழு தையலும் அப்படியே இருந்தன.

அந்த ரயரைக் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறேன், அண்ணை. நாளைக்கு கடைக்குக் கொண்டு வருகிறேன்.

மணற்காட்டுத் தம்பிமாருக்கு: ஞாயிறு விடிய ஐந்தரைக்கு வருகிறேன். சைக்கிளும் சின்ன அளவு ஹெல்மெற் இரண்டும் கொண்டு வருவேன். வரிசையாக எல்லாரும் இறங்குங்கள். இந்தமுறை பின்னால் நின்று தள்ளுவது நான்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை