சிவப்புச் சிலிண்டரும் ரப்பர் விறகும்

திருவட்டாறு,
ஆடி 10.

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதமும் பேரன் போட்டோவும் கிடைத்தன. மூக்கு அப்படியே உன் அப்பா மூக்கு. நான் சுகம், முட்டுவலிதான் மழையோடு வந்தது, போகிற வழியைக் காணோம். சாரல் விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நின்று இருபது நாளாகிறது.

உன் மகள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற பெண் கரியடுப்பை விட்டு மீட்டர் வைத்த சிலிண்டருக்கு மாறின கதையை எழுதியிருந்தாயே, அதை ரெண்டு தடவை படித்தேன். செல்போனில் கிடக்கிற சில்லறைக்கு அன்றைக்கு வேண்டிய கேஸை வாங்கலாம், காசு தீர்ந்தால் மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும் என்கிறாய். எனக்கு உடனே தங்கம் அக்கா நினைப்புதான் வந்தது. பொற்றைக் குன்றுக்கு மேலே இருக்கிறாளே, அண்டி ஆபீசுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள், அவளேதான்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களை மூலையில் சிலிண்டர், அதற்குப் பழைய சேலையில் தைத்த உறை, உறைக்கு மேலே ஒரு எவர்சில்வர் செம்பு. பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதியிருக்கிறது: மாசி 4. கடைசியாக மாட்டின தேதி. “இன்னுமா கிடக்கு?” என்று கேட்டேன். உறையைக் கழற்றி, ஈரத்துணியால் மேலிருந்து கீழே ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுச் சும்மா நின்றாள். மேல்பக்கம் சட்டென்று காய்ந்தது. அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஈரம் அப்படியே நின்றது. “அதுவரைக்கும் கேஸ் உண்டு. ஓணம் வரை ஓட்டிருவேன்” என்றாள்.

காலையில் கட்டன்சாயா, யாராவது வந்தால் ஒரு பலகாரம், ராத்திரி குழம்பைச் சூடாக்குவது, இவ்வளவுதான் கேஸில். மற்றதெல்லாம் வெளிச் சாய்ப்பில் விறகடுப்புதான். நம்ம சம்பா அரிசி வேக ஒரு மணிக்கூர் வேண்டும், மரச்சீனிக் கிழங்கு அவிக்கவும் குளிக்க வெந்நீர் போடவும் வேறு தீ. இதையெல்லாம் கேஸில் செய்தால் சிலிண்டர் ஒரு மாதம் தாங்காது. இப்போது மழையில் ரப்பர் விறகு நனைந்து கிடக்கிறது. கொதும்பும் சிரட்டையும் வைத்து ஊதி ஊதித்தான் பற்றவைக்கிறாள். பேச்சுக்கு நடுவே மூன்று தடவை இருமினாள்.

அவளுக்கு இணைப்பு வந்தது 2018-ல், ஏழை வீட்டுப் பெண்களுக்கு மத்திய அரசு கேஸ் இணைப்புக் கொடுக்கிற உஜ்வலா திட்டத்தில். அந்தத் திட்டம் 2016 மே 1-ஆம் தேதி உத்தரப்பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கி, 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி வீட்டுக்குப் போய்விட்டது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம். ஆனால் இவளுக்கு வந்த நேரத்தைப் பார். முந்தின வருஷம் நவம்பரில்தான் ஓகி புயல் அடித்து ரப்பரும் தெங்கும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ரெண்டு வருஷத்துக்கு விறகு காசில்லாமல் குவிந்திருந்தது. சிலிண்டர் உறையைப் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தது.

“பழக்கதோஷம், இவங்களுக்கு விறகுதான் ருசி” என்று நம்ம ஊர் சாயாக்கடையில் ஒருத்தர் பெரிதாக அளந்தார். எனக்குக் கோபம் வந்தது. 2020 ஊரடங்கில் உஜ்வலாக்காரர்களுக்கு மூன்று சிலிண்டர் இலவசம் என்றார்களே, அந்தச் சமயம் அக்கா சோறும் கேஸிலேதான் பொங்கினாள். இலவசம் நின்றதும் அரிசிப்பானை மறுபடி வெளியே போனது. நாடு முழுக்கவே உஜ்வலா வீடுகளில் 2019-20-ல் வருஷத்துக்குச் சராசரி மூன்று சிலிண்டர்தான் வாங்கினார்கள். 2024-25-ல் அது நாலரைக்குப் பக்கம் வந்தது.

மானியம் இல்லையா என்று கேட்பாய். உண்டு. 2022 மே மாதத்திலிருந்து 200 ரூபாய், 2023 அக்டோபரிலிருந்து 300. ஆனால் முழு விலையையும் முதலில் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். மானியம் பிறகு பேங்கில் வந்து விழும். அண்டி ஆபீசில் வாரக் கூலி. சனிக்கிழமை வாங்கினதில் மீன்காரி, கடைக்காரர், சீட்டு எல்லாம் போக ஒரே கையில் ஒரு முழுச் சிலிண்டர் காசு எங்கே நிற்கும்? முந்நூறை முதலிலேயே கழித்துக்கொண்டு மீதியை வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. உங்கள் ஊர் மீட்டர் அந்த இடத்தில்தான் கெட்டி.

இன்னொன்று, எடை. 14.2 கிலோ கேஸ், இரும்பும் சேர்ந்து முப்பது கிலோ வரும். வண்டி பொற்றைக்கு மேலே ஏறாது, தூக்கிக்கொண்டு போகிற பையனுக்குத் தனியாகக் காசு. ரசீதில் அது வராது. 5 கிலோ சிலிண்டரும் உண்டு என்பதே அக்காவுக்குத் தெரியாது. அவளுக்கு இணைப்புக் கொடுத்தவர்கள் சொல்லவில்லை. இந்தோனேசியாவில் 2007-ல் மண்ணெண்ணெயிலிருந்து கேஸுக்கு மாற்றியபோது 3 கிலோ சிலிண்டரைத்தான் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். ஒரு பொம்பிளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம்.

நான் மட்டும் யோக்கியமா? நம்ம மரத்தூள் அடுப்பு நினைவிருக்கிறதா? நடுவில் குப்பியை நிறுத்தி, சுற்றித் தூளை இடித்து, குப்பியை உருவும்போது நீ எப்போதும் இடித்துத் தள்ளிவிடுவாய், உன் அம்மா அகப்பையோடு ஓடிவருவாள். இன்றைக்கும் எனக்கு மீன் புளிமுளம் மண்சட்டியில், விறகில் கொதித்தால்தான் திருப்தி. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை ஆசை. தினம் மூன்று வேளை ஊதுகிறவளுக்கு அது ஆசையில்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அக்காவின் இருமலைக் கேட்டபோது அந்தக் கணக்குத்தான் மனசில் ஓடியது.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு ஏஜென்சிக்குப் போனேன். 5 கிலோவுக்கு மாற்றிக் கேட்டோம். “திங்கள்கிழமை வாங்க” என்றார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ அந்த மீட்டரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அக்கா பார்க்க வேண்டுமாம்.

உன்,
லீலா