ஒகேனக்கல் குடிநீரை எங்கள் ஊர் வரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு நன்றி மடல்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டத்துக்காக உழைத்தவர்களுக்கும் இன்றளவும் உழைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும், பென்னாகரம் பேரூராட்சியில் வசிப்பவர்களுள் ஒருவனின் பணிவான வணக்கம்.

காவிரி எங்கள் வட்டத்துக்குள்ளேயே ஓடினாலும், அது ஓடுவது ஊரைவிட மிகத் தாழ்ந்த பள்ளத்தாக்கில் என்பதால், அந்த நீர் மேடேறி வரும்வரை நாங்கள் பெரிதும் நம்பியிருந்தது ஆழ்துளைக் கிணறுகளைத்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் கிணறுகளை மேலும் மேலும் ஆழப்படுத்தினோம். பாறையின் கனிமங்களிலிருந்து கரைந்த ஃபுளோரைடும் தண்ணீரோடு சேர்ந்து மேலே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைக் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தருமபுரி மாவட்டத்தில் அந்த வரம்பை மீறிய கிணறுகள் ஏராளம். அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் எவ்வளவு துலக்கினாலும் போகாத பழுப்புக் கறை படிந்தது. பெரியவர்களில் பலருக்கு மூட்டும் முதுகும் இறுகி, தரையில் அமர்ந்தால் பிறர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. இந்தப் பாதிப்பின் பெயர்தான் ஃபுளோரோசிஸ்.

ஆகவே என் முதல் நன்றி, இது பரம்பரைக் குறையும் அல்ல, முதுமையும் அல்ல, குடிக்கிற தண்ணீரால் வந்த கேடு என்று எங்களுக்கு எடுத்துச் சொன்னவர்களுக்கு உரியது. பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, வாயைத் திறக்கச் சொல்லிப் பற்களைப் பார்த்துக் குறித்துக்கொண்ட ஆசிரியர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் நான் மறக்க மாட்டேன். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும் என்று வீடு வீடாகச் சொன்னவர்கள் அவர்களே. பார்வைக்குத் தெளிவாகவும் வாய்க்குக் குறையின்றியும் இருந்த தண்ணீரைக் கெட்டது என்று சொல்லி ஒரு ஊரை நம்பவைப்பது எளிய காரியமன்று.

திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013 மே மாதம் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் பெரும்பகுதியைக் கடனாகத் தந்து உதவிய ஜப்பான் நாட்டுக்கும், நடுவே ஆட்சி மாறியபோதும் பணியைக் கைவிடாத இரு அரசுகளுக்கும் நன்றி கூறுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அன்றைய மூன்று நகராட்சிகளுக்கும் 17 பேரூராட்சிகளுக்கும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகளுக்கும் ஒரே ஆற்றிலிருந்து நீர் கொடுக்கும் ஏற்பாட்டை வகுத்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்களுக்கும், பாறையை உடைத்துக் குழாய் பதித்த, கல்வெட்டில் பெயர் இடம்பெறாத தொழிலாளர்களுக்கும் நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

திறப்பு விழாவோடு குடிநீர்த் திட்டம் முடிந்துவிடுவதில்லை என்பதை நான் கண்கூடாக அறிந்தது எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டரிடம்தான். ஆற்றில் எடுத்த நீரைப் படிகாரம் சேர்த்துத் தெளியவைத்து, மணல் படுகையில் வடிகட்டி, குளோரின் கலந்து, பல நிலைகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். அது எங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு வந்த பிறகு பொறுப்பு அவருடையது. விடியுமுன் நீண்ட இரும்புச் சாவியோடு வந்து, வால்வுக் குழிக்குள் குனிந்து, மேட்டுத் தெருவுக்கு முதலிலும் பள்ளத் தெருவுக்குப் பின்னரும் முறை வைத்துத் திறப்பார். கடைசி வீட்டுக் குழாயில் சிறு கண்ணாடிக் குப்பியில் நீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தெருவுக்குப் போவார். நிறம் வராவிட்டால் குளோரின் போதவில்லை என்று பொருள். ஒருமுறை வரத்து குறைந்தபோது, ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் கலந்து சமாளிக்கலாம் என்று எங்களிலேயே சிலர் கேட்டோம். குடிக்கிற தண்ணீரில் அதைக் கலக்க வேண்டாம், புழங்குவதற்குத் தனியாகத் தருகிறேன் என்று உறுதியாகச் சொல்லி, இரண்டு சுற்றாக வேலை செய்தார். அவருடைய ஊதியமும் பணிப் பாதுகாப்பும் அவர் சுமக்கும் பொறுப்புக்கு ஈடானவை அல்ல என்பதை இம்மடலிலேயே பதிவு செய்ய விரும்புகிறேன்.

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதை, ஊர்க் கூட்டத்தில் பேசிய மறுவாரமே தாமாக நிறுத்திக்கொண்ட அண்டை வீட்டார்க்கும் நன்றி. அதன் பிறகுதான் தெருக்கோடியில் தனியாக வசிக்கும் பாட்டியின் வீட்டுக்கும் இரண்டு குடம் தண்ணீர் முழுதாகக் கிடைக்கத் தொடங்கியது.

இம்மடலின் படிகள் பேரூராட்சி அலுவலகத்துக்கும், நீரேற்று நிலையங்களின் பணியாளர்களுக்கும், நாங்கள் படித்த பள்ளிகளுக்கும் அனுப்பப்படுகின்றன.

மிக்க நன்றியுடன்,
பென்னாகரம் பேரூராட்சிவாசி ஒருவன்