காட்டுக் குதிரைகளும் தத்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் காட்டுக் குதிரைகள் பற்றிய உங்கள் கட்டுரை, அவை மேய்ச்சலை அழிக்கின்றன என்பதோடு நின்றுவிட்டது. நெவாடாவில் வசிப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

இம்மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு மத்திய அரசின் பொது நிலம். அங்கு திரிந்த குதிரைகளை ஒரு காலத்தில் விமானத்தாலும் லாரியாலும் விரட்டிப் பிடித்து நாய்த் தீனிக்கு விற்றார்கள். வெல்மா ஜான்ஸ்டன் என்ற அலுவலகச் செயலர் அதை எதிர்த்துக் கிளம்பினார். பள்ளிப் பிள்ளைகளும் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். 1971-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பெருகும் குதிரைகளை அரசு பிடித்து, வளர்க்க விரும்புவோருக்குத் தத்துக் கொடுப்பது நல்ல வழிதான். சில ஆண்டுகளுக்கு முன் கார்சன் சிட்டியில் சிறைக் கைதிகள் பழக்கிய குதிரைகளின் ஏலத்துக்குப் போயிருந்தேன். மாதக்கணக்கில் உடனிருந்த குதிரையின் கழுத்தைத் தடவியபடி, கயிற்றைக் கைமாற்ற மனமில்லாமல் நின்றார் ஒரு கைதி. அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் 2019-ல், தத்தெடுப்பவருக்கு அரசே ஆயிரம் டாலர் தரும் என்று அறிவித்தார்கள். ஓராண்டில் உரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் சிலர் பணத்தையும் வாங்கிக்கொண்டு, குதிரையை இறைச்சி வியாபாரிகள் வரும் சந்தைக்கு ஓட்டிவிட்டார்கள். எத்தனை பெரிய துரோகம்!

அப்படி ரொக்கமாகக் கொடுத்துவந்த பணத்தைக் கருத்தடை ஊசிக்கும், தத்துப்போன குதிரைகளை நேரில் போய்ப் பார்ப்பதற்கும் செலவிட வேண்டும். இதையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, ரீனோ, நெவாடா