அந்த பல்பைக் கழற்றாதீர்கள், அண்ணா

லெஸ்டர், இங்கிலாந்து,
நவம்பர் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, மழையும் விடவில்லை.

கார் டாஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு ஒரு மாதமாக எரிகிறது, மெக்கானிக் பல்பைக் கழற்றிவிடலாம் என்கிறார் என்று போனில் சொன்னீர்களே, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அதை மட்டும் செய்யாதீர்கள்.

எங்கள் காரிலும் இதே விளக்குதான். இங்கே மூன்று வருஷம் தாண்டிய கார்களை வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்கிற வாகனத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த விளக்கு அணையாமல் நின்றால் ஃபெயில். நன்றாக ஓடுகிற வண்டிதானே என்று எனக்குக் கோபம் வந்தது. ஒர்க்‌ஷாப்காரர் பொறுமையாக விளக்கினார். சாவியைத் திருப்பியதும் அது சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் எங்கோ கோளாறு. அந்த நிலையில் மோதினால் ஏர்பேக் விரியாமல் போகலாம், சீட் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் சாதனமும் வேலை செய்யாமல் போகலாம்.

கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, முன்சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். ஒயர்களை இணைக்கும் மஞ்சள் கனெக்டர், அதன் உலோக முனைகளில் பச்சையாகக் களிம்பு. பாப்பாவின் மழை பூட்ஸை அங்கேதான் தள்ளி வைப்பேன், தண்ணீர் சொட்டிச் சொட்டி வந்த வினை. கனெக்டரை மாற்றினார், விளக்கு அணைந்தது.

உங்கள் வண்டியில் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் ஒயர் அறுந்திருக்கலாம், பேட்டரி இறங்கியும் இருக்கலாம். ஏர்பேக் கோளாறு எண்ணைப் படிக்கிற ஸ்கேனர் உள்ள சர்வீஸ் சென்டருக்கே போங்கள், எல்லா ஸ்கேனரும் படிக்காது. நீங்களாக ஒயரைத் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் சில நிமிஷம் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், கை வைத்தால் ஏர்பேக் வெடித்துவிடலாம்.

அப்புறம், சித்தப்பா பழைய கார் பார்க்கிறார் என்றீர்களே. சாவி போட்டதும் இந்த விளக்கு வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வரவே இல்லை என்றால் யாரோ கழற்றியிருக்கலாம்.

சரிசெய்யும் வரை அம்மாவும் பிள்ளைகளும் பின்சீட்டில் உட்காரட்டும், எல்லோரும் பெல்ட் போடுங்கள். ஸ்கேனரில் வரும் கோளாறு எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள், இங்கே அந்த ஒர்க்ஷாப்காரரிடமே கேட்டுச் சொல்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை