முட்டையும் பாலும் எங்கே போயின, ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், பண்ணைகளிலும் கறிக்கூடங்களிலும் மிருகங்கள் படும் பாட்டைக் காட்டும் 'டொமினியன்' ஆவணப்படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2018-இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த படம். மறுநாளே மகனிடம் சொல்லிப் போனில் முழுப் படத்தையும் போடச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஓடுகிறது. நடுவில் இரண்டு தடவை நிறுத்திவிட்டு வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மறைத்து வைத்த கேமராவிலும் ட்ரோனிலும் எடுத்ததை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கட்டும் என்று இணையத்தில் விட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். படத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் கட்டுரையின் கடைசி வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதைப் பார்த்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்பவர்களுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டு முடித்திருக்கிறார் கட்டுரையாளர். நான் அந்த வரிசையில் நிற்கிறவள், ஐயா. என் அப்பா நின்றார், இப்போது என் மகன் நிற்கிறான். என்னைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் படத்தை முழுதாகப் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். பன்றிகளைக் கூண்டில் இறக்கிக் கரியமில வாயுவில் மூச்சுத் திணற வைப்பதை எழுதியிருக்கிறார். மாடு வெட்டுவதை எழுதியிருக்கிறார். அதே படத்தில் முட்டைக்கோழிக் கூண்டு வருகிறதே? பொரித்த அன்றைக்கே ஆண் குஞ்சுகளை மெஷினில் கொட்டி அரைப்பது வருகிறதே? தாயிடமிருந்து பிரித்து ஓட்டிப் போகிற பால்மாட்டுக் கன்றுகள் வருகின்றனவே? அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முட்டையையும் பாலையும் விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது கறி தின்கிறவர்கள் மட்டும்தான். பழி போட வசதியாகத்தான் இருக்கும்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. 1998 முதல் ஒன்பது வருடம் நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் கூலிக்கு இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில். நீளமான ஷெட், மூன்று அடுக்காகக் கம்பிக் கூண்டு, ஒரு கூண்டில் மூன்று நான்கு கோழி. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த ஏ4 தாளை விடக் குறைவு. சிறகை விரிக்க வழியில்லை, மண்ணைக் கிளற மண்ணே இல்லை. பிறந்ததிலிருந்து கம்பி மேலேயே நிற்கிற கால். நகம் வளர்ந்து கம்பியில் சிக்கிக்கொள்ளும். முட்டை பொறுக்கப் போகும்போது அதையும் எடுத்துவிட்டுப் போவேன். தீவனத்துக்குக் கழுத்தை நீட்டி நீட்டி, மயிர் எல்லாம் தேய்ந்து, கழுத்து செக்கச்செவேல் என்று இருக்கும். ஒன்றரை வருடம் போல முட்டை போட்டு ஓய்ந்ததும் லாரியில் ஏற்றுவார்கள். அன்றைக்குத்தான் அது முதல்முதலாக வெயிலில் வரும்.

குஞ்சுக்குப் பத்து நாள் ஆனதும் அலகு வெட்டுவார்கள். பெரிதானால் நெருக்கடியில் ஒன்றை ஒன்று கொத்திக் கொன்றுவிடும் என்பதற்காக. மெஷினில் பிளேடு பழுக்கக் காய்ந்திருக்கும். கட்டைவிரலால் தலையைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் தொண்டையை மெல்ல அழுத்த வேண்டும், அப்போதுதான் நாக்கு உள்ளே போகும், வெந்துபோகாது. ஓட்டையில் அலகை வைத்து எடுத்தால் ஒரு நொடி, அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் அந்தப் பொசுங்கல் வாடை போகாது. என் மகள் பக்கத்தில் படுக்க மாட்டாள்.

ஹேச்சரி இதைவிட மோசம். முட்டைக்கோழி இனத்து ஆண் குஞ்சு முட்டை போடாது, கறிக்கும் சீக்கிரம் வளராது, தீவனம்தான் நஷ்டம். அதனால் பொரித்த அன்றைக்கே பிரித்துச் சாக்கில் போடுவோம். சாக்கின் வாயைக் கட்டின பிறகும் உள்ளே கத்திக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆகச் சத்தம் குறையும். சிலவற்றைச் சாயம் போட்டு விற்க வாங்கிப் போவார்கள். ஒரு தடவை தேர்த்திருவிழாவில் என் மகள் அழுது அடம்பிடித்து ரோஸ் கலர் குஞ்சு ஒன்று வாங்கினாள். எங்கிருந்து வந்தது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அது செத்தது. அடுத்த மாதத்தோடு நான் வேலையை விட்டு நின்றேன்.

முட்டையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்த்தார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த முட்டையைத் தின்றுதான் எலும்பு பிடித்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட மலிவாக வேறு எதைத் தருவது? கூண்டைப் பெரிதாக்குங்கள், மண்ணில் விடுங்கள், அதனால் முட்டைக்கு ஒரு ரூபாய் கூடினால் யார் கொடுப்பது என்று உட்கார்ந்து பேசுங்கள் என்கிறேன். ஐரோப்பாவில் வெறும் கம்பிக் கூண்டை 2012-இலேயே தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017-இல் கோழி வளர்ப்பைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே கொடுத்தது, 269-ஆவது அறிக்கை. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபாவில் எடுத்த முயற்சியால்தான் 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. போதுமான இடம் இல்லாத கூண்டில் அடைப்பது அந்தச் சட்டப்படி குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அறுபது வருடத்துக்கு மேலாக அதே தொகை. ஐம்பது ரூபாய்க்கு இன்று ஒரு டஜன் முட்டை வராது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் கட்டுரையில் இவை எதற்கும் இடம் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் பத்திரிகை இப்படி எழுதுவது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடம் முன்னால் ஆடி மாதத்தில் ஒரு கெடா வெட்டுப் படத்தைப் போட்டு, கீழே காட்டுமிராண்டித்தனம் என்று அச்சடித்தீர்கள். அதற்கும் கடிதம் எழுதினேன், வரவில்லை. எங்கள் கருப்பனாருக்கு நேர்ந்த கெடா ஒன்றரை வருடம் எங்கள் கட்டுத்தறியில் வளரும். பேர் வைத்துக் கூப்பிடுவோம். வெட்டுகிற அன்றைக்கு மாலை போட்டு, தலையில் தண்ணீர் தெளித்து, அது உடம்பைக் குலுக்கித் துலுக்கும் வரை எல்லாரும் காத்து நிற்போம். துலுக்காவிட்டால் கத்தி இறங்காது. வெட்டும்போது அதற்கு வலிக்காது என்று நான் சொல்லவில்லை, வலிக்கும். ஒவ்வொரு வருடமும் நான் அழுதிருக்கிறேன். ஆனால் அது வாழ்ந்த வாழ்க்கை ஒரு வாழ்க்கை. 2003-இல் பழைய 1950-ஆம் வருடச் சட்டத்தை எடுத்துக் கோயில்களில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். 2004-இல் அந்தச் சட்டத்தையே திரும்ப வாங்க வேண்டியதாகிவிட்டது. நடுவில் எங்கள் நேர்ச்சைக் கெடா கட்டின கயிற்றோடு அப்படியே நின்றது. அந்த மாதங்களில் நான் ஷெட்டில்தான் வேலை செய்தேன். கூண்டை அளந்து பார்க்க ஒருத்தர்கூட வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. மகனுக்குக் கோயம்புத்தூரில் வீடு பார்க்கப் போனோம். பேர் கேட்பதற்கு முன்னால் சைவமா என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றதும் அந்த வீட்டுக்கார அம்மா முகம் சுருங்கிவிட்டது. "நாங்க முட்டை மட்டும்தாங்க சாப்பிடுவோம், உயிரைக் கொல்ற பாவமெல்லாம் எங்களுக்கு ஆகாது" என்றார். பின்னால் சமையல்கட்டு மேடையில் முப்பது முட்டை அட்டை ஒன்று இருந்தது. எனக்கு ஹேச்சரியில் குஞ்சுகளைப் போட்ட அந்தச் சாக்குதான் ஞாபகம் வந்தது. ஒன்றும் பேசாமல் படியிறங்கி வந்தோம். உங்கள் கட்டுரையின் கடைசி வரியைப் படித்தபோது அந்த அம்மாவின் முகம்தான் எதிரே வந்து நின்றது.

நான் கேட்பது இரண்டே விஷயம். படத்தில் முட்டைக்கோழியும் பால்மாடும் வருகின்றன என்பதை அடுத்த இதழில் நான்கு வரியாவது போடுங்கள். இரண்டாவது, ஒரு நிருபரை இந்தப் பக்கம் அனுப்புங்கள். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால் நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன். உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை, ரோட்டில் நின்று பார்த்தாலே கூண்டு தெரியும். காலை ஆறு மணிக்குள் வரச் சொல்லுங்கள், அதுதான் தீவனம் போடும் நேரம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ராசிபுரம்.