கரையைக் கடக்காத புயல்

தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தளங்களிலும் வெளிநாட்டுச் செய்திகளைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

"புயல் கரையைக் கடந்தது" என்ற வாக்கியத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். தமிழில் செய்தி கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்தச் சொற்கள் தரும் நிம்மதி தெரியும். கரையைக் கடந்துவிட்டது என்றால் இனி நிலத்தில் ஏறித் தேயும், மழையாகக் கரையும், ஓரிரு நாளில் வெயில் எட்டிப் பார்க்கும். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் "வலுவிழந்தது" என்று முடியும். பெரிய நிலப்பரப்பின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாகப் புயலைப் பார்த்தவர்களின் அனுபவத்திலிருந்து வந்த சொற்கள் இவை. அந்தக் கடற்கரைக்கு அவை பொருந்தும்.

கரீபியன் தீவுகளுக்குப் பொருந்தாது. அங்கே வீசும் ஹரிக்கேன் பற்றிய செய்தியை மொழிபெயர்க்கும்போது, கை பழகிய வேகத்தில் இதே சொற்களைப் போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் சில ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவள் நான். 2017 செப்டம்பரில் இர்மா புயல் வந்தபோது பார்புடா தீவுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வரி. தீவைத் தாண்டிய புயல் புளோரிடாவை நோக்கி நகர்கிறது என்று எழுதிவிட்டு, மீதிப் பத்திகளையெல்லாம் புளோரிடாவுக்கே கொடுத்தேன். அந்த ஒரு வரி இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2024 ஜூலை 1ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். அன்று பெரில் புயல், கிரெனடா நாட்டைச் சேர்ந்த கேரியக்கூ தீவின் மேல் ஏறியது. காற்றின் வேகத்தை வைத்து ஐந்து வகையாகப் பிரிப்பதில், நான்காம் வகைப் புயல். மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்று. தீவின் பரப்பு 35 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. வசிப்பவர்கள் சில ஆயிரம் பேர். மரப் படகு கட்டும் கைத்திறனுக்குப் பேர்போன தீவு அது. விண்ட்வார்ட் என்ற கிராமத்தில் கடற்கரையிலேயே படகு கட்டி நீரில் இறக்குவார்கள். புயல் வருகிறதென்றால் படகுகளை டைரல் விரிகுடாவின் அலையாத்திக் காட்டுக்குள் கொண்டுபோய் மரங்களோடு கட்டிவைப்பது வழக்கம். அந்த முறை காடே மொட்டையாகிவிட்டது. நம்பிக் கட்டிய படகுகள் பல, கவிழ்ந்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் கிடந்தன.

அந்தத் தீவின் மேல் ஏறிய புயல் வலுவிழக்கவில்லை. வலுவிழக்க அங்கே நிலம் ஏது? கடலின் வெப்பத்தை உறிஞ்சித்தான் இந்தப் புயல்கள் உயிர்வாழ்கின்றன. அகன்ற நிலம் குறுக்கே வந்தால் அந்த ஊட்டம் அறுந்துபோகும். மேடும் மரமும் கட்டடமும் காற்றை இழுத்துப் பிடிக்கும். கேரியக்கூவைக் கடந்த நேரத்தில் சுழலின் பெரும்பகுதி கடல்மேலேயே இருந்தது. தீவை நொறுக்கிவிட்டு வெதுவெதுப்பான நீரின் மேல் போன பெரில், 24 மணி நேரத்துக்குள் ஐந்தாம் வகையாக வளர்ந்தது. அட்லாண்டிக்கில் ஆண்டின் இவ்வளவு முன்னதாக அந்த வகையை எட்டிய புயல் வேறெதுவும் பதிவாகவில்லை. அந்தத் தீவுகளில் ஒரு பழைய சொலவடை உண்டு: ஜூனில் அவசரமில்லை, ஜூலையில் தயாராயிரு, ஆகஸ்டில் கண் வை, செப்டம்பரை மறவாதே, அக்டோபரில் எல்லாம் ஓய்ந்தது. தயாராயிருக்கச் சொன்ன மாதத்தின் முதல் நாளிலேயே பெரில் வந்துவிட்டது.

காற்று அடங்கிய பிறகு வரும் மணி நேரங்களை நாம் எழுதுவதே இல்லை. ஒரு சிறிய தீவில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மரங்களில் ஓர் இலை மிஞ்சுவதில்லை. கிழிந்த இலைத் துணுக்குகள் சுவர்களில் பச்சைச் சாந்து பூசியதுபோல ஒட்டியிருக்கும். காலையில் பச்சையாக இருந்த குன்று மாலையில் தீப்பிடித்து அணைந்ததுபோலப் பழுப்பாக நிற்கும். அதுவரை தோப்பு மறைத்திருந்த அடுத்த வீடு இப்போது நேராகத் தெரியும். முதலில் எழும் ஓசை பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான். அதிகாரி வந்து கணக்கெடுக்கும் முன்பே ஊர் தன்னைத்தானே பெயர் பெயராக எண்ணிவிடும். யார் வீட்டில் யார் இருந்தார், யார் நடக்க முடியாதவர், யார் படகைக் கட்டப் போனவர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கேரியக்கூவிலும் அதன் அருகிலிருக்கும் சின்னத் தீவிலும் ஏறத்தாழ 98 விழுக்காடு கட்டடங்கள் சேதமடைந்ததாகப் பிரதமர் டிக்கன் மிட்செல் சொன்னார். கிரெனடா முழுவதிலும் உயிரிழப்போ விரல்விட்டு எண்ணும் அளவு. நம் பக்கங்களில் முதல் எண் மட்டும் தலைப்பில் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அன்று மாலை அந்தத் தீவில் இருந்த மனநிலை புரியும். கூரை போய்விட்டது, ஆள் இருக்கிறார். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துபோனதால் இந்தச் செய்தி வெளியே போக வழியில்லை. புரூக்ளினிலும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டிலும் இருக்கும் கேரியக்கூ குடும்பங்கள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தன. அவர்களுக்கு வேண்டியிருந்தது காற்றின் வேகம் அல்ல, ஒரு குரல்.

பொய்யான நிம்மதியும் ஒன்று உண்டு. புயலின் கண், அதாவது சுழலின் நடுப்பகுதி, மேலே வரும்போது காற்று நின்றுவிடும். வானம்கூடச் சில சமயம் தெளிந்துவிடும். முடிந்தது என்று நம்பி வெளியே வருபவர்களைச் சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே காற்று அடிக்கும். 1926இல் மயாமியில் அப்படி வெளியே வந்து இறந்தவர்கள் பலர். இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது ஆண்டுதோறும் போடலாம்.

"புயல் திசை மாறியது, ஆபத்து நீங்கியது" என்றும் எழுதுகிறோம். ஆபத்து யாருக்கு நீங்கியது? 2017 செப்டம்பர் 6ஆம் தேதி இர்மா, அமெரிக்க வர்ஜின் தீவுகளில் செயின்ட் தாமஸையும் செயின்ட் ஜானையும் சிதைத்தது. தெற்கே இருந்த செயின்ட் குரோய் பெரும்பாலும் தப்பித்தது. தப்பித்தவர்கள் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தீவுகளுக்குப் போனார்கள். இரண்டே வாரத்தில் மரியா புயல் செயின்ட் குரோயை அடித்தது. ஒரு தீவின் பெருமூச்சு இரண்டு வாரம் நீடித்தது, அவ்வளவுதான்.

இனி நான் ஒரு வரியில் முடித்த பார்புடா. அதே செப்டம்பர் 6, அதிகாலை. இர்மாவின் கண் அந்தத் தீவின் மேலேயே போனது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 285 கிலோமீட்டர். பெரும்பாலான கட்டடங்கள் சிதைந்தன. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. பின்னாலேயே ஹோசே என்ற இன்னொரு புயல் வந்துகொண்டிருந்ததால், ஏறத்தாழ 1,800 பேரையும் அண்டைத் தீவான ஆன்டிகுவாவுக்கு ஏற்றிச் சென்றார்கள். நாயும் ஆடும் கழுதையும் மட்டும் தீவில் எஞ்சின. ஹோசே வடக்கே விலகிப் போய்விட்டது. பார்புடா மக்கள் ஆன்டிகுவாவில், விளையாட்டு அரங்கு போன்ற முகாம்களில் உட்கார்ந்தபடி அந்தச் செய்தியைக் கேட்டார்கள். நிம்மதிதான். ஆனால் வீடு திரும்ப அவர்களுக்கு அனுமதி கிடைக்க வாரங்கள் ஆயின.

உலகத்தின் பார்வை அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. உண்மையில் பார்புடாவின் பெரிய செய்தி அப்போதுதான் தொடங்கியது. அந்தத் தீவில் நிலத்துக்குத் தனி உரிமையாளர் கிடையாது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 1834இல் விடுதலை பெற்ற காலம்தொட்டு, ஊர் முழுவதும் சேர்ந்து ஆண்டுவந்த நிலம் அது. 2007இல் ஒரு சட்டமே அதை உறுதிசெய்தது. மக்கள் இன்னும் முழுதாகத் திரும்பாத நிலையில் அந்தச் சட்டத்தை மாற்றும் முயற்சி தொடங்கியது; சில மாதங்களுக்குள் மாற்றியும்விட்டார்கள். புதிய விமான நிலையத்துக்காகக் காட்டை அழிக்கும் இயந்திரங்களும் இறங்கின. தீவுவாசிகள் இருவர் தொடர்ந்த வழக்கு, அந்த நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. விமான நிலையத்தை எதிர்த்து வழக்குத் தொடர அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2024 பிப்ரவரியில்தான் தீர்ப்பு வந்தது. காற்றடித்த இரவுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நில உரிமையைப் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதும் நாம், கூரை பறந்த நாளில் நிலமும் கைமாறத் தொடங்கும் இந்தக் கதையை எழுதாமல் விட்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

இறந்தவர்களின் எண்ணிக்கையிலும் இதே தவறு நடக்கிறது. 2017 செப்டம்பர் 20ஆம் தேதி மரியா புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. சிறிய தீவு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த உதாரணம் தேவைப்படுகிறது. இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக ஆய்வு ஒன்றை ஏற்று, 2018 ஆகஸ்டில் அந்த எண்ணை 2,975 ஆக உயர்த்தியது. இடைவெளி 2,911 உயிர்கள். காற்று கொன்றவர்கள் அல்லர் அவர்களில் பெரும்பாலோர். மின்சாரம் இல்லாமல், மருந்து கிடைக்காமல், மருத்துவமனைக்குப் போக வழியில்லாமல், புயல் ஓய்ந்து வெயிலடித்த நாட்களில் இறந்தவர்கள். 64 என்று நாம் அச்சிட்டோம். 2,975 ஆனபோது அதே அளவு எழுத்தில் அச்சிட்டோமா?

"இயல்பு வாழ்க்கை திரும்பியது" என்பதும் நம் கைவசம் இருக்கும் வாக்கியம்தான். அது எப்போது திரும்பும் என்பதை ஜாதிக்காய் மரத்திடம் கேட்க வேண்டும். கிரெனடாவின் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. பழம் முற்றினால் மஞ்சள் தோல் இரண்டாகப் பிளக்கும்; உள்ளே பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டை, அதைச் சுற்றிச் செக்கச்செவேலென்ற வலைபோல ஜாதிபத்திரி. இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகுக்கு ஜாதிக்காய் கொடுத்துவந்த நாடு அது. 1955இல் ஜேனட் புயல் அந்தத் தோட்டங்களை அழித்தது. திரும்ப நட்டு வளர்த்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெரிய புயல் எதுவும் தாக்கவில்லை. 2004 செப்டம்பர் 7ஆம் தேதி ஐவன் வந்து பெரும்பாலான மரங்களை மீண்டும் சாய்த்தது; அடுத்த ஜூலையிலேயே எமிலியும் வந்தது. விதையிலிருந்து வளர்த்த ஜாதிக்கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகளாவது ஆகும். முழு விளைச்சலுக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள். அதிலும் பூக்கும்வரை ஆண் மரமா பெண் மரமா என்று தெரியாது. இத்தனை ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகு, இது காய்க்காத மரம் என்று தெரிந்துகொள்ளும் விவசாயிக்கு ஐவன் எந்த ஆண்டு கரையைக் கடந்தது என்று எழுதுவீர்கள்?

அந்த அனுபவத்திலிருந்து கிரெனடா கற்றுக்கொண்ட ஒன்றையும் நாம் செய்தியாக்கவில்லை. 2015இல் தன் கடனைச் சீரமைத்தபோது, பெரும்புயல் அடித்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்ற விதியைக் கடன் பத்திரத்திலேயே எழுதிவைத்தது. பெரிலுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் அந்த விதியைப் பயன்படுத்தியது. கடனாளிக்கு வேண்டிய நிம்மதியை முன்கூட்டியே சட்ட வார்த்தையில் எழுதிவைத்த நாடு. வணிகப் பக்கத்தில் நல்ல இடம் கொடுத்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிதல்ல. தீவு என்று வரும்போது "கரையைக் கடந்தது" என்று எழுதாதீர்கள். "தீவின் மேல் வீசிச் சென்றது" என்று எழுதுங்கள். நிலம் போதாததால் அது தளராமல் போகிறது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேருங்கள். புயலின் பெயரைத் தலைப்பில் போடும் அளவுக்குத் தீவின் பெயரையும் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புயல் செய்தி வெளியான நாளிலிருந்து ஒரு மாதம், ஓராண்டு என்று நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்தத் தேதிகளில் மறுபடி தேடிப் பாருங்கள். செய்தி முகமைகள் தாமாக அனுப்பாது. ஆனால் அந்தத் தீவுகளின் நாளிதழ்களும் வானொலிகளும் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. மொழிபெயர்க்க அரை மணி நேரம் போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஜூலை மாதம் புயலிலிருந்து காக்க வேண்டிக்கொள்ள ஒரு நாள் உண்டு. அக்டோபரில், பருவத்தின் கொடுமை கடந்ததற்கு நன்றி சொல்ல இன்னொரு நாள். நிம்மதிக்கென்றே நாட்காட்டியில் இடம் ஒதுக்கிய மக்கள். வரும் அக்டோபரில் அந்த நாளுக்கு நான்கு பத்தி கொடுங்கள். அந்த ஆண்டு எந்தத் தீவு தப்பித்தது, எது தப்பவில்லை என்று எழுதுங்கள். உங்கள் பிரிவில் ஆள் குறைவு என்பது எனக்குத் தெரியும். முதல் முறை வேண்டுமானால் நானே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
முன்பு உங்கள் மேசையில் இரவுப் பணி பார்த்த ஒரு வாசகி